விட்டு விட்டு அடிக்கும் ஹிட்டருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான். பேஸ்பாலில் ஒரு ஹிட்டர், அதாவது மட்டை பிடிப்பவர், மூன்று வாரம் எந்தப் பிட்சராலும் (பந்து வீசுபவராலும்) அடக்க முடியாதபடி வெளுத்து வாங்குகிறார். அடுத்த மூன்று வாரம் மட்டையில் பந்தே படுவதில்லை. இவர்களை ஸ்ட்ரீக்கி ஹிட்டர் என்பார்கள். இப்படிப்பட்டவரை நம்பி ஒரு டீம் ஐந்து, ஆறு வருடத்துக்குப் பணத்தைக் கொட்டலாமா? கொஞ்சம் குறைவாக அடித்தாலும் ஒரே சீராக அடிப்பவரைத் தேடிப் போவது நல்லதா?

கொடுக்கலாம் என்பதுதான் என் பதில். ஏற்ற இறக்கம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அவர் வெளுத்து வாங்கும் நாட்களைப் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. பந்து மட்டையில் படாத அந்த மூன்று வாரத்தில் அவர் பிளேட்டில் (மட்டை பிடிக்கும் இடத்தில்) நின்று என்ன செய்கிறார் என்பதைத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பணம் போடலாமா கூடாதா என்பது பெரும்பாலும் அந்த நாட்களிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு இந்த விஷயத்தில் பாடம் சொன்னவர் ஜே புரூஸ். சின்சினாட்டி ரெட்ஸ் டீமின் ரைட் ஃபீல்டர், இடது கை ஆட்டக்காரர். 2010 செப்டம்பர் 28 அன்று ரெட்ஸும் ஹூஸ்டனும் 2-2 என்று சமமாக நிற்கிறார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி. ஜெயித்தால் டிவிஷன் பட்டம். 1995-க்குப் பிறகு ரெட்ஸ் அக்டோபரை, அதாவது சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் ப்ளேஆஃப் சுற்றுகளை, பார்த்ததே இல்லை. புரூஸ் வந்து நிற்கிறார், டிம் பிர்டாக் வீசிய முதல் பந்து, அவ்வளவுதான். பந்து சென்டர் ஃபீல்டுக்கு மேலே போய் வேலியைத் தாண்டி விழுந்தது. கையை உயர்த்தியபடி அவர் பேஸ்களை (மைதானத்தின் நாலு முனைகளை) சுற்றி ஓடிய காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அந்த டிசம்பரில் ரெட்ஸ் அவருக்கு ஆறு வருடம், 5.1 கோடி டாலர் கொடுத்தது. அதோடு ஏழாவது வருடத்தை டீமே விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தும் இருந்தது. அப்போது புரூஸுக்கு வயது 23.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அவரைத் தினமும் பார்த்தவர்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறாமல் இருந்திருக்காது. 2011 மே மாதத்தில் மட்டும் 12 ஹோம் ரன் (வேலியைத் தாண்டிப் போகும் அடி) அடித்து, அந்த மாதத்துக்கான நேஷனல் லீக் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அப்புறம் ஆள் இருக்கும் இடமே தெரியாமல் போனது. பிறகு மறுபடி ஒரு மழை, மறுபடி ஒரு வறட்சி. வறட்சி வரும்போதெல்லாம் "இவனை நம்பியா ஆறு வருடம்?" என்ற புலம்பல் கேட்கும். நானும் சேர்ந்து புலம்பியிருக்கிறேன்.

ஆனால் வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தால் கதை வேறு. 2008-இலிருந்து அவருடைய ஹோம் ரன்கள்: 21, 22, 25, 32, 34, 30. ஒப்பந்தத்தின் முதல் மூன்று வருடத்தில் பேட்டிங் சராசரி .256, .252, .262. இதைவிடச் சீரான ஒரு ஆட்டக்காரரை எங்கே போய்த் தேடுவது? மாதக் காலண்டரில் பார்த்தால் மலையும் பள்ளமுமாக இருக்கும் மனிதர், வருடக் காலண்டரில் சமவெளியாக இருக்கிறார். டீம் சம்பளம் கொடுப்பது வருடக் கணக்கில்தான்.

இதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு ஹிட்டரின் உண்மையான திறமை .260 என்று வைத்துக்கொள்வோம், அதாவது நூறு முறை மட்டை பிடித்தால் 26 ஹிட் (பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸைப் பிடிப்பது). ஒரு மாதத்தில் ஏறக்குறைய நூறு முறை மட்டை பிடிப்பார். ஃபார்ம், மனநிலை எதுவுமே கிடையாது, நாணயம் சுண்டுவது போல வெறும் தற்செயல் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டால்கூட, மூன்று மாதத்தில் இரண்டு மாதம் அவர் 22-க்கும் 30-க்கும் நடுவே எங்காவது இருப்பார். மீதி ஒரு மாதம் அதற்கும் வெளியே போய்விடும். ஆறு மாத சீசனில் அப்படிச் சராசரியாக இரண்டு மாதம் வரும். ஒரு மாதம் .310 அடித்தவரை மேதை என்போம், .205 அடித்தவரை வீட்டுக்கு அனுப்பு என்போம். இரண்டும் ஒரே ஆள், ஒரே திறமை. முழு சீசனுக்கு 550 முறை என்று கணக்குப் போட்டால் அந்த ஏற்ற இறக்கம் .241-க்கும் .279-க்கும் நடுவே அடங்கிவிடுகிறது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று மனதில் ஏறாது. அங்கே ஒருவர் அவுட் ஆனால் அந்த இன்னிங்ஸ் முடிந்தது. நாலு தடவை பூஜ்யம் என்றால் அது நாலு இன்னிங்ஸ், சில சமயம் ஒரு மாதக் கதை. பேஸ்பாலில் நாலு தடவை அவுட் ஆவது ஒரு சாயங்கால வேலை. மறுநாளே அடுத்த ஆட்டம். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். நல்ல ஹிட்டர்களும் பத்துக்கு ஏழு முறை தோற்றுத் திரும்புகிற விளையாட்டு இது.

அப்படியானால் ஃபார்ம் என்பதே பொய்யா? 1985-இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி என்ற மூவர் கூடைப்பந்தை ஆராய்ந்து, சூடான கை என்று ஒன்றே இல்லை, அது பார்ப்பவர் மனதின் மயக்கம் என்றார்கள். பல வருடம் அதுவே வேதவாக்காக இருந்தது. பிறகு மில்லர், சன்ஹூர்ஹோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அந்தப் பழைய கணக்கிடும் முறையிலேயே ஒரு சாய்வு இருப்பதைக் காட்டினார்கள். அதைத் திருத்திப் பார்த்தால் சூடான கை ஓரளவுக்கு இருக்கத்தான் செய்கிறது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. காலை ஊன்றும் நேரம் ஒரு நொடியில் சின்னப் பங்கு தப்பினாலே ஸ்விங் கெட்டுவிடும். மணிக்கட்டில் வலி இருந்தால், இடுப்பு பிடித்துக்கொண்டால், குழந்தை இரவெல்லாம் அழுதால் எல்லாமே மட்டையில் தெரியும். தற்செயலுக்கு மேலே உண்மையான ஏற்ற இறக்கமும் இருக்கிறது. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிவதைவிட அது மிகச் சிறியது. மூன்று வார ஆட்டத்தைப் பார்த்து மூன்று வருடத்தைச் சொல்ல யாராலும் முடியாது.

சரி, வறட்சி எல்லோருக்கும் வரும் என்றால், யாரை நம்புவது?

கில் ஹாட்ஜஸ் கதையைச் சொல்கிறேன். புரூக்ளின் டாட்ஜர்ஸின் ஃபர்ஸ்ட் பேஸ்மேன். 1949 முதல் 1955 வரை ஏழு வருடம் தொடர்ந்து, ஒவ்வொரு வருடமும் நூறு ரன்னுக்கு மேல் அடித்துக் கொடுத்தவர், தூண் மாதிரி. அந்தத் தூண் 1952 வேர்ல்ட் சீரிஸில் (பட்டத்துக்கான இறுதித் தொடரில்) யாங்கீஸுக்கு எதிராக 21 முறை மட்டை பிடித்து ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. ஏழு ஆட்டம், பூஜ்யம். டாட்ஜர்ஸ் தோற்றார்கள். அடுத்த வருடத் தொடக்கத்திலும் அந்தச் சனி விடவில்லை. புரூக்ளினில் ஒரு பாதிரியார், இன்று பிரசங்கம் செய்ய முடியாத அளவுக்கு வெயில், வீட்டுக்குப் போங்கள், கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு ஜெபம் செய்யுங்கள் என்று சொல்லி மக்களை அனுப்பினார். ஒரு ஊரே தன் ஆட்டக்காரருக்காக மண்டியிட்டது. புரூக்ளின் ரசிகர்கள் அவரைப் பார்த்துக் கூச்சல் போடவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அந்த 1953 சீசனை அவர் .302 சராசரியோடும் 31 ஹோம் ரன்னோடும் முடித்தார். 1955-இல் புரூக்ளின் தன் ஒரே வேர்ல்ட் சீரிஸை வென்றபோது, கடைசி ஆட்டத்தில் 2-0 என்று ஜெயித்த அந்த இரண்டு ரன்னையும் அடித்துக் கொடுத்தவர் ஹாட்ஜஸ்தான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ஹிட்டே இல்லாத அந்த 1952 சீரிஸில் ஹாட்ஜஸ் ஐந்து முறை வாக் வாங்கினார். பிட்சர் ஸ்ட்ரைக் ஸோனுக்கு, அதாவது நல்ல பந்துக்கான எல்லைக்கு, வெளியே நாலு பந்து போட்டால் ஹிட்டர் ஓடாமல் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம், அதுதான் வாக். அதற்கு ஹிட்டர் மட்டையை வீசாமல் பொறுமையாக நிற்க வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு ஹிட்டுக்காக உயிர் துடிக்கும்போது, கெட்ட பந்தை விட்டுவிட்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கை ஓடாத நாளிலும் அவர் கண் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வறட்சி நாட்களைப் பாருங்கள் என்று சொன்னது இதைத்தான். ஹிட் என்பது பந்து எங்கே போய் விழுகிறது என்பதையும் பொறுத்தது. நன்றாக அடித்த பந்தும் நேராக ஒரு ஃபீல்டர் கையில் போய் உட்காரும். எந்தப் பந்துக்கு மட்டையை வீசுவது, எதை விடுவது என்பது மட்டும் முழுக்க ஹிட்டரின் கையில் இருக்கிறது. அது சீக்கிரம் கெடாது, வயதானாலும் கடைசியாகப் போவது அதுதான். வறட்சியிலும் கெட்ட பந்தை விடத் தெரிந்தவர் டீமுக்கு ஏதோ ஒன்றைக் கொண்டு வந்துகொண்டே இருப்பார். அடித்தால்தான் பேஸுக்குப் போக முடியும் என்று இருப்பவர், அடி நின்றதும் வெறும் அவுட்டாக மாறிவிடுவார்.

இதே காலத்து ஆட்கள் இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கைல் ஷ்வார்பர், ஹாவியர் பயஸ். இருவரும் 2016-இல் 108 வருடப் பட்டப் பஞ்சத்தைத் தீர்த்த சிகாகோ கப்ஸ் டீமில் ஒன்றாக ஆடியவர்கள்.

ஷ்வார்பரைவிட ஏற்ற இறக்கம் உள்ள ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 2017 ஜூனில் .171 அடித்துக்கொண்டிருந்தபோது கப்ஸ் அவரைக் கீழ்மட்ட மைனர் லீகுக்கு இறக்கியது. திரும்பி வந்து அந்த வருடத்தை 30 ஹோம் ரன்னோடு முடித்தார். கொரோனாவால் சுருங்கிய 2020 சீசனில் .188. அத்துடன் கப்ஸ் அவரை விட்டுவிட்டது. வாஷிங்டன் ஒரு வருடத்துக்கு எடுத்தது. 2021 ஜூனில் 18 ஆட்டத்தில் 16 ஹோம் ரன். உடனே தொடைத் தசை பிடித்துக்கொண்டு வெளியே. ஒரு மனிதனின் நாலு வருடம் இவ்வளவு ஆடினால் எந்த டீமுக்கும் பயம் வரும். ஃபிலடெல்ஃபியா 2022-இல் அவருக்கு நாலு வருடம், 7.9 கோடி டாலர் கொடுத்தது.

அந்த நாலு வருடத்து ஹோம் ரன்கள்: 46, 47, 38, 56. இதில் 2023-ஐ மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். பேட்டிங் சராசரி .197, பழைய காலமாக இருந்தால் இந்த எண்ணோடு எந்த மேனேஜரும் முழு சீசன் ஆட விட்டிருக்க மாட்டார். 215 முறை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி அவுட்) வேறு. ஆனால் அதே வருடம் 126 வாக். அதனால் பேஸுக்குப் போகும் விகிதம் .343. அடிக்காத நாளிலும் போய் நின்றுகொண்டே இருந்தார். ஃபிலடெல்ஃபியாவில் அவரை முதல் ஆளாக இறக்கியதும் இதற்காகத்தான்.

2022 அக்டோபரில் முதல் இரண்டு சுற்றிலும் ஷ்வார்பரின் மட்டை கிட்டத்தட்ட ஊமையாகவே இருந்தது. டீம் அவரை வரிசையிலிருந்து நகர்த்தவில்லை. அடுத்த சுற்றின் முதல் ஆட்டம், சான் டியேகோவில், யூ டார்விஷ் வீசிய பந்தை 488 அடி தூரத்துக்கு அனுப்பினார். அதே டீமின் பிரைஸ் ஹார்ப்பரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அந்த ப்ளேஆஃபில் மொத்தம் ஆறு ஹோம் ரன், டீம் வேர்ல்ட் சீரிஸ் வரை போனது.

பயஸ் கதை வேறு. திறமையைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல முடியாது. இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாக அவர் கை வேகத்தைப் பார்க்கவே டிக்கெட் வாங்கலாம். 2018-இல் 34 ஹோம் ரன், அடித்துக் கொடுத்தது 111 ரன், எம்விபி (லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர்) வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். ஆனால் அந்த உச்ச வருடத்திலும் முழு சீசனுக்கு 29 வாக்தான். 2021-இல் 31 ஹோம் ரன், 184 ஸ்ட்ரைக் அவுட், 28 வாக். அந்த வருடம் நடுவே நியூயார்க் மெட்ஸுக்கு மாறி, அங்கே 47 ஆட்டத்தில் .299 அடித்தார். பொறுமையும் வந்துவிட்டது போல இருந்தது. அந்தச் சூட்டோடு டெட்ராய்ட் அவருக்கு ஆறு வருடம், 14 கோடி டாலர் கொடுத்தது.

2022-இல் பேஸுக்குப் போகும் விகிதம் .278. 2023-இல் .267. 2024-இல் .221, இடுப்பு அறுவை சிகிச்சையோடு சீசன் பாதியில் முடிந்தது. வெளிப்பக்கம் தாழ்ந்து விலகும் ஸ்லைடருக்கு அவர் மட்டையை வீசுவதை அந்த வருடங்களில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மனப்பாடம். பந்து பிளேட்டிலிருந்து ஒரு அடி வெளியே போய்க்கொண்டிருக்கும், மட்டை அதைத் துரத்தும், ஹெல்மெட் கழன்று விழும். பிட்சர்கள் ஸ்ட்ரைக் போடவே தேவையில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பதினைந்து நாள் அவர் கை சூடாகும்போது அந்தக் கெட்ட பந்தும் மைதானத்துக்கு வெளியே போகும். மற்ற நாட்களில் கையிருப்பு என்று எதுவும் இருக்காது.

அவர் மேல் நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025-இல் சென்டர் ஃபீல்டுக்கு மாறி, டீம் எங்கே நிற்கச் சொன்னதோ அங்கே நின்று, ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். அவ்வளவு அடிபட்ட பிறகு எழுந்து வந்த மனத்திடம் சாதாரணம் இல்லை. எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் 14 கோடி கொடுத்த டீமின் கேள்விக்கு அது பதில் ஆகாது.

இதுவரை சொன்னதை வைத்து, வாக் வாங்குகிறவராகப் பார்த்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்தால் அதுவும் ஆபத்து. கிறிஸ் டேவிஸ் என்று ஒருவர் இருக்கிறார்.

பால்டிமோர் ஓரியோல்ஸ். 2013-இல் 53 ஹோம் ரன், டீமின் வரலாற்றிலேயே அதிகம், சராசரி .286. மறு வருடம் .196. அதற்கடுத்து 2015-இல் மறுபடி 47 ஹோம் ரன், .262, கூடவே 84 வாக். 2016 ஜனவரியில் ஏழு வருடம், 16.1 கோடி டாலர். அப்போது அவருக்கு 30 வயது ஆக இரண்டு மாதம் இருந்தது. பிறகு வந்த சராசரிகள்: .221, .215, .168. இந்தக் கடைசி எண், முழு சீசன் ஆடியவர்களில் மேஜர் லீக் வரலாற்றிலேயே மிகக் குறைவு.

2018 செப்டம்பரில் தொடங்கி அவருக்கு ஹிட் நின்றது. 2019 ஏப்ரலிலும் வரவில்லை. பிட்சர் அல்லாத ஆட்டக்காரர்களில் அதுவரை இருந்த மோசமான சாதனை 46 முறை. அதையும் தாண்டி 54 வரை போனது. ஏப்ரல் 13 அன்று பாஸ்டனில், முதல் இன்னிங்ஸில், மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்க, ரிக் போர்செல்லோ வீசிய பந்தை வலது பக்கம் அடித்தார். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அந்தப் பந்தை எடுத்து வைக்கும்படி சைகை காட்டினார், டீமே கொண்டாடியது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் 33 வயது மனிதர், ஒரே ஒரு சாதாரண சிங்கிளுக்காக அவ்வளவு சிரித்தார். அதைப் பார்த்துவிட்டு ஸ்ட்ரீக்கி ஹிட்டர் என்ற வார்த்தையை முன்போல லேசாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டேவிஸுக்கும் புரூஸுக்கும் என்ன வித்தியாசம்? புரூஸின் ஏற்ற இறக்கம் மாதத்துக்கு மாதம். டேவிஸின் ஏற்ற இறக்கம் வருடத்துக்கு வருடம். ஒரு முழு சீசன் .286, அடுத்த முழு சீசன் .196 என்றால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது, அடியில் ஏதோ ஒன்று நிலையில்லாமல் இருக்கிறது. அவர் மட்டை பிடித்ததில் மூன்றில் ஒரு பங்கு ஸ்ட்ரைக் அவுட். அதாவது பந்து மட்டையில் படுவதே ஏற்கெனவே விளிம்பில் நின்றது. கை வேகம் ஒரு துளி குறைந்தாலும் விழுந்துவிடும் விளிம்பு. அதோடு, இடது கை ஆட்டக்காரரான அவர் பந்தை வலது பக்கமே இழுத்து அடிப்பார். எதிர் டீம்கள் ஃபீல்டர்களை எல்லாம் அந்தப் பக்கம் குவித்து ஷிஃப்ட் வைத்தன. 2023-இல்தான் மேஜர் லீக் அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, அதற்கு முன்பே 2021-இல் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். சம்பளத்தில் 4.2 கோடியைத் தள்ளிவைத்து, 2037 வரை கொடுப்பதாக ஒப்பந்தம்.

மேஜர் லீக் ஒப்பந்தம் முழுக்க உத்தரவாதமானது என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கால்பந்து மாதிரி நடுவில் வெட்டிவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்க முடியாது. ஆளை வீட்டுக்கு அனுப்பினாலும் காசு போய்க்கொண்டேதான் இருக்கும். அதனால் வருடச் சம்பளம் எவ்வளவு என்பதைவிட எத்தனை வருடம், எந்த வயதில் என்பதுதான் டீமை வாழ வைக்கும் அல்லது சாகடிக்கும்.

இதற்கும் புரூஸிடமே அத்தாட்சி இருக்கிறது. 23 வயதில் போட்ட அந்த ஆறு வருடத்தில் கெட்ட பகுதியும் இருந்தது. 2014-இல் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரத்துக்குள் திரும்பி வந்தார், வந்திருக்கக் கூடாது என்று இன்றும் நினைக்கிறேன், சராசரி .217-க்கு விழுந்தது. இருந்தும் மொத்தத்தில் ரெட்ஸுக்கு லாபம்தான். 2016-இல் அவர் உச்ச சூட்டில் இருந்தபோது, லீகிலேயே அதிகம் ரன் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மெட்ஸ் அவரை வாங்கியது. வாங்கிய கையோடு வறட்சி! மறு வருடம் எல்லோரும் கைவிட்ட நிலையில் 36 ஹோம் ரன். நடுவே கிளீவ்லாந்துக்குப் போய், அந்த டீம் தொடர்ந்து 22-ஆவது ஆட்டத்தை ஜெயித்த இரவில் பத்தாவது இன்னிங்ஸில் வெற்றி அடியை அடித்தார். அதைப் பார்த்து மெட்ஸ் 2018-இல் மூன்று வருடம், 3.9 கோடி கொடுத்தது. முதல் வருடமே காயம், ஒன்பது ஹோம் ரன், அந்த டிசம்பரில் அவரை வேறு டீமுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் ஒருவர்தான், ஸ்விங் ஒன்றுதான். 23 வயதில் ஆறு வருடம் சரியாக இருந்தது, 30 வயதில் மூன்று வருடமே அதிகமாகிவிட்டது.

அக்டோபர் பற்றி ஒரு வார்த்தை. சீசன் முழுக்கக் கூட்டிக் கழித்தால் சமமாகிவிடும், ஆனால் ப்ளேஆஃபில் வறட்சி வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் தூண் போன்ற ஹாட்ஜஸுக்கும் அந்த ஏழு ஆட்டம் வந்தது. எந்த மூன்று வாரத்தில் யாருக்கு எது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதபோது, அதற்காகச் சீரான ஆளுக்கு அதிக விலை கொடுப்பதில் பொருள் இல்லை. வறட்சி ஒருவரிடம் வந்தால் மற்றவர்கள் தாங்குகிற மாதிரி வரிசையை அமைப்பதுதான் டீமின் வேலை. ஒரே குணமுள்ள நாலு பேரை வரிசையாக வைத்தால்தான் சிக்கல்.

எனவே டீம் நிர்வாகத்தில் யாராவது என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். ஆள் 23, 24 வயது, இன்னும் ஃப்ரீ ஏஜென்ட் (விரும்பிய டீமோடு பேசலாம் என்ற நிலை) ஆகவில்லை, மாதம் எப்படி ஆடினாலும் வருடக் கணக்கு ஒரு மட்டத்தில் நிற்கிறது என்றால் ஆறு வருடம் கொடுத்துவிடுங்கள், கடைசியில் டீமின் விருப்பத்துக்கு ஒரு வருடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வறட்சியில் இருக்கும் நேரத்தில் பேச்சைத் தொடங்கினால் விலையும் நியாயமாக இருக்கும், அவருக்கும் உங்கள் மேல் நம்பிக்கை வரும். 29 வயதுக்காரர் என்றால் நாலு வருடத்தோடு நிறுத்துங்கள், வாக் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு. 30 தொட்டவருக்கு ஏழு வருடம் என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுங்கள், அவர் எத்தனை ஹோம் ரன் அடித்திருந்தாலும் சரி. ஷ்வார்பருக்கே 2025 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா மறுபடி ஐந்து வருடம், 15 கோடி கொடுத்திருக்கிறது. அப்போது அவருக்கு 32 வயது. எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர், முதல் மூன்று வருடம் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கடைசி இரண்டு வருடம் உறுத்துகிறது. அவர் .190 அடிக்கும் ஏதாவது ஒரு மே மாதத்தில், மூன்று பால் (எல்லைக்கு வெளியே போன பந்து), இரண்டு ஸ்ட்ரைக் என்று கணக்கு நிற்கும்போது, தாழ்ந்து வெளியே போகும் பந்தை இன்னும் விட்டுவிட்டு நிற்கிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.